படி, கல், கொய்யாமரம்

அந்த நாற்காலியைச் சுற்றியிருந்த பாலிதீன் உறையை நாங்கள் கடைசி வரை கிழிக்கவே இல்லை. உட்காரும் இடத்தில் வட்டமாக ஒரு துளை, துளைக்கு அடியில் மூடி போட்ட நீல வாளி, இரண்டு பக்கமும் கை ஊன்றிக்கொள்ள அலுமினியக் கம்பி. எழுந்து நடமாட முடியாதவர்களுக்காகக் கட்டிலருகிலேயே போட்டு வைக்கிற நாற்காலி அது. என் மாமனாருக்காக என் கணவர் குவைத்தில் இருந்தபடியே போனில் ஆர்டர் போட, திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மழை நாளில் வந்து இறங்கியது. இப்போது பரண் மேல் கிடக்கிறது. வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடலாம். வாங்கிப் போகிறவர்கள் ‘உபயோகிக்காததுதானே?’ என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாததால் இன்னும் கொடுக்கவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது விழுப்புரத்தில். பி.எஸ்.சி., பி.எட். முடித்து, ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருடம் கணக்குப் பாடம் எடுத்துவிட்டுத் திருமணமாகித் திண்டிவனத்துக்கு வந்தேன். மாமியார் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். மகள் பிறந்த ஐந்தாம் மாதம் கணவர் ஏ.சி. மெக்கானிக் வேலைக்குக் குவைத் போனார். வீட்டில் மிஞ்சியது நான், கைக்குழந்தை, மாமனார். மாமனார் முப்பது வருடம் கல் உடைக்கும் கிரஷரில் மெஷின் ஓட்டியவர். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வாராம், ஆனால் துண்டை அவிழ்த்ததும் முதலில் எடுப்பது பீடி. கல் தூசியும் புகையும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்துவிட்டன. இது குணமாகிற வியாதி இல்லை, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பார்க்கும்போது அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்குகிற மனிதராக இருந்தார். அதை நான் பார்த்துவிடக் கூடாது என்று நினைப்பார். நடக்கும்போது மூச்சு முட்டினால் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் படிப்பது போலப் பாவனை செய்வார். ஒரே தேதியை ஒரு நாளில் எத்தனை முறைதான் பார்ப்பது? நானும் பார்க்காதது போல நகர்ந்துவிடுவேன். எங்கள் வீட்டில் மருமகளும் மாமனாரும் நேருக்கு நேர் நின்று பேசிக்கொள்கிற வழக்கம் இல்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு, ‘வச்சிருக்கேன் மாமா’ என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். அவரும் ‘சரிம்மா’ என்பார். சில நாட்களில் என்னிடம் யாராவது பேசிய மொத்த வார்த்தையும் அந்த ‘சரிம்மா’ மட்டும்தான்.

விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், மூச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் வரச் சொன்னார்கள். மருந்து பாதி, பயிற்சி பாதி என்றார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து அழைத்துப் போவேன். அங்கே பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் என்னைவிடச் சில வயது பெரிய பெண். முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்தது மூச்சு விடுகிற முறை. மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுக்க வேண்டும், உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும்.

“சூடான டீயை ஊதுவீங்க இல்ல ஐயா, அந்த மாதிரி. அப்பத்தான் உள்ள மாட்டிக்கினு இருக்கிற பழைய காத்து வெளிய வரும். எங்க, ஊதுங்க பாக்கலாம்.”

மாமனார் ஊதவில்லை. தரையைப் பார்த்தார்.

“ஏங்க ஐயா?”

“மருமவப் பொண்ணு நிக்குதுங்க.”

“நிக்கட்டுமே. நீங்க இன்னா விசிலா அடிக்கப் போறீங்க?”

அறையிலிருந்த மற்ற நோயாளிகள் சிரித்தார்கள். சிரித்த ஒருவருக்கு அதுவே இருமலாகிவிட்டது. மாமனாருக்கோ அது விசில்தான். மருமகள் முன்னால் உதட்டைக் குவித்துக்கொண்டு நிற்பதைவிட மூச்சு முட்டுவதே மேல் என்பது போல உட்கார்ந்திருந்தார். நான் குழந்தைக்குப் பசிக்கிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். அன்று திரும்பி வரும் வழியில், பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும், அவர் முகத்தை முழுக்க ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். காற்று இரைச்சலுக்குள் மெல்லிய ‘உஃப்’ என்ற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. நான் பையிலிருந்த அவித்த மல்லாட்டைக் கடலையைக் குழந்தைக்கென்று உரித்து, அதற்குக் கொடுக்க முடியாது என்பது நினைவு வந்து, நானே தின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த தடவை போனபோது பிசியோதெரபிஸ்ட் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பயிற்சியெல்லாம் முடிந்தபின் என்ன செய்ய முடிந்தால் உங்களுக்குச் சந்தோஷம்? ஒருவர் மயிலம் மலைக்கு ஏற வேண்டும் என்றார். ஒரு அம்மா பேத்தியைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய் விட வேண்டும் என்றார். மாமனார் என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் வெளியே போனேன். அரை மணி நேரம் கழித்து பிசியோதெரபிஸ்ட் வராந்தாவுக்கு வந்து என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

“அவருக்கு மலையும் வேணாம் கிலையும் வேணாமாம். வீட்டுக் கொல்லையில இருக்கிற பாத்ரூமுக்கு யார் தயவும் இல்லாம தானாப் போய்ட்டு வரணுமாம். அது நின்னு போச்சுன்னா உன் வீட்ல இருக்க மாட்டாராம். ‘அந்தப் பொண்ணு அள்ளிப் போடுற நெலமைக்கு நான் வரக் கூடாதும்மா’ன்னு சொல்றாரு.”

அந்த நிலைமை வந்தால் எங்கே போவார் என்பது எனக்குத் தெரியும். செங்கல்பட்டில் நாத்தனார் வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறினால் இறங்க மாட்டார்.

“நீ ஒரு தப்புப் பண்றே,” என்றும் பிசியோதெரபிஸ்ட் சொன்னார். “தண்ணி மொண்டு குடுக்கிறது, சட்டை எடுத்துக் குடுக்கிறது, எல்லாத்தையும் நீயே செஞ்சிடுறே போலிருக்கு. அவரு காலும் கையும் வேலை மறந்துக்கினு வருது. பொறுப்பா இருக்கேன்னு நெனைச்சிக்கினு அவரைப் படுக்க வச்சிடாதே.”

பொறுப்பான மருமகள் என்று பெயர் வாங்கத்தான் நான் இத்தனையும் செய்தேன். அது தப்பு என்றால் எது சரி என்று அன்று முழுக்க யோசித்தேன். யோசிப்பது என் பழக்கம். குழந்தைக்குச் சளி பிடித்தால் நேற்று தலைக்கு ஊற்றியதாலா, ஊற்றாமல் விட்டதாலா என்று இரண்டு பக்கமும் யோசிக்கிறவள் நான்.

கட்டிலிலிருந்து சமையலறை வழியாகக் கொல்லைப்படி. படியிலிருந்து துணி துவைக்கும் கல். கல்லிலிருந்து கொய்யாமரம். மரத்திலிருந்து கழிப்பறைக் கதவு. மூன்று இடத்திலும் நின்று, எதையாவது பிடித்துச் சற்று முன்னால் சாய்ந்து, மூச்சை ஊதி விட்டு, பிறகுதான் அடுத்த இடத்துக்கு நடக்க வேண்டும் என்று, நான் வழியைச் சொல்லக் கேட்டு, வகுத்துக் கொடுத்தார் பிசியோதெரபிஸ்ட். அவசரப்பட்டு ஒரே ஓட்டமாகப் போய்விடத்தான் மாமனாருக்குத் தோன்றும். அதனால் யாராவது கூடவே நின்று எண்ணிக்கை சொல்ல வேண்டும் என்றார். யார் சொல்வது? மாமனார் உதட்டைக் குவித்துக்கொண்டு கழிப்பறைக்கு நடக்க, மருமகள் பக்கத்தில் நின்று ஒன்று இரண்டு என்று எண்ணுவதா? எங்கள் இருவருக்குமே அது ஆகாது.

இதற்கு வழி கண்டுபிடித்தது யார் என்று இப்போது சரியாக நினைவில்லை. ஒரு நாள் நான் அவருக்கு முதுகைக் காட்டி அடுப்பைப் பார்த்து நின்றபடி, காலியான குண்டான் ஒன்றின் மேல் கரண்டியால் தட்டினேன். வேகமாக இரண்டு தட்டு, மூச்சை இழுக்க. நிதானமாக நான்கு தட்டு, விட. சமையலறை ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் கொல்லைக் கோடி வரை கேட்கும். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அவர் நடப்பது என் காதுக்கு மட்டும்தான். செருப்புச் சத்தம் படியில் நிற்கும், தட்டுவேன். கல்லில் நிற்கும், தட்டுவேன். மரத்தில். பிறகு கதவின் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும்தான் என் மூச்சு எனக்கு வரும். திரும்பி வரும்போது அதே மாதிரி. ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் மதில் மேல் தலையை நீட்டினார்.

“இன்னாடி, காலைலருந்து மாமனாருக்கு மேளம் அடிச்சிக்கினு இருக்கே? கல்யாணங்கில்யாணம் பண்ணி வைக்கப் போறியா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. கொய்யாமரத்தடியிலிருந்து மாமனாரின் குரல் வந்தது, நடுநடுவே மூச்சு வாங்கியபடி.

“பொண்ணு... நீ பாரு. மேளம்... எம் மருமவ அடிக்கும்.”

அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் முறை. மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்களைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி இறக்குவது, கட்டிலில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்பது எல்லாவற்றுக்கும் அந்தத் தாளம்தான். எழும்போது மூச்சை விட வேண்டும், அடக்கிக்கொள்ளக் கூடாது. நான் சுவருக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். இரண்டு மாதத்தில் கல்லில் நிற்பதை விட்டுவிட்டார். படியிலிருந்து நேராக மரத்துக்குப் போனார். செருப்புச் சத்தம் கல்லைத் தாண்டிப் போனதைக் கேட்ட அன்று, யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கணவருக்கு அப்போது வேலை நேரம். குழந்தையிடம் சொன்னேன்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. கொல்லை முழுக்கச் சேறு. ஒரு நாள் காலையில் தட்டிக்கொண்டே இருக்கிறேன், கல்லுக்குப் பிறகு செருப்புச் சத்தமே இல்லை. எங்கள் வழக்கத்தை மீறி எட்டிப் பார்த்தேன். கொட்டும் மழையில் கல்லைப் பிடித்துக் குனிந்து நின்றிருந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கையைக் காட்டி என்னைத் தள்ளியே நிற்கச் சொன்னார். நான் அவரைத் தொடாமல் குடையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று மாலை கணவரிடம் வீடியோ காலில் அழுதேன். நாற்காலி வந்தது அதனால்தான். அதை மாமனாரின் கட்டிலருகே நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன்.

“யாருக்கும்மா இது?” என்று கேட்டார்.

“மழைக்கு மட்டும் மாமா. மழை விட்டதும் எடுத்துடறேன்.”

“சரிம்மா.”

மறுநாளிலிருந்து அவர் கொல்லைக்குப் போவது குறைந்தது. விடிந்ததும் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை. நாற்காலியையும் தொடவில்லை. சேற்றில் நடக்காமல் இருக்கிறாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. கட்டிலருகே நான் நிரப்பி வைக்கும் தண்ணீர்ச் செம்பு மாலையில் நிரம்பியபடியே இருந்தது. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மழைக் குளிரில் தாகம் எடுக்காது என்று நினைத்துக்கொண்டு, பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பி வைத்தேன். ஒரு நாள் இல்லை, பத்துப் பன்னிரண்டு நாள். ‘ஏன் மாமா தண்ணி குடிக்கல?’ என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எந்தப் பேச்சில் அது போய் முடியும் என்று எனக்குள் எங்கேயோ தெரிந்துதான் கேட்காமல் இருந்தேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

சளி பசை மாதிரி இறுகிவிட்டது. இருமினாலும் வரவில்லை. காய்ச்சல் வந்து, பேச்சு குழறி, கண் சொருகியபோது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு விழுப்புரத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவர் நாக்கைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், “இவரு தண்ணியே குடிக்கிறது இல்லையாம்மா?” மூக்கில் மூடி பொருத்தி, ஒரு மெஷின் அவருக்காக மூச்சைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் மூடியைக் கழற்றினார்கள். நான் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம், அவர் கண்ணில் படாதபடி நின்றுகொண்டு கேட்டேன்.

“ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?”

“உள்ள போனாத்தானேம்மா வெளிய வரும்,” என்றார்.

“அந்த நாற்காலியைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன். நீங்க தண்ணி குடிங்க மாமா.”

“நீ மேளம் அடி. நான் நடந்துக்குறேன்.”

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷினோடு வீட்டுக்கு வந்தோம். அதில் டாக்டர் வைத்துக் கொடுத்த எண்ணைத் தாண்டக் கூடாது, காற்று அதிகமானாலும் ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். நான் ஒரு நாளைக்கு இருபது தடவை அந்த எண்ணைப் பார்ப்பேன். மெஷினின் குழாய் கொல்லைப்படி வரைதான் எட்டியது. பிசியோதெரபிஸ்ட் அவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் குழாய் இல்லாமல் நடக்க வைத்து, விரலில் கிளிப் மாட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தூரம் மட்டும் போகலாம், படிக்கு வந்ததும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அனுமதித்திருந்தார். மறுபடி படி, கல், கொய்யாமரம். மறுபடி கரண்டி. செம்பு மாலையில் காலியாக இருந்தது. தையும் மாசியும் பங்குனியும் சித்திரையும் அப்படிப் போயின. மகள் சுவரைப் பிடித்து நடக்கப் பழகினாள். நான் கரண்டி தட்டினால் அவளும் உதட்டைக் குவித்து ‘உஃப்’ என்பாள். அதைக் கேட்டு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வரும், பிறகு இருமல்.

வைகாசியில் ஒரு விடியற்காலை. படியில் செருப்புச் சத்தம் நின்றது. தட்டினேன். நகரவில்லை. இன்னொரு முறை தட்டினேன். அடுப்பில் பால் பொங்கி வந்தது, அணைத்தேன். மூன்றாம் முறை தட்டுவதற்குள் குரல் கேட்டது.

“யம்மா.”

“மாமா?”

“கையக் கொஞ்சம் குடும்மா.”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். அதுவரை அவர் கையை நான் தொட்டதே இல்லை. கல்யாணத்தன்று காலைத் தொட்டதோடு சரி. உள்ளங்கை காய்த்துப்போய்க் கல் மாதிரி இருந்தது, ஆனால் எடையே இல்லை. தட்டுவதற்குக் கரண்டி இல்லாததால் நானே மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து விட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் என் முன்னாலேயே உதட்டைக் குவித்து ஊதினார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இப்படி இருவரும் டீ ஊதுகிறவர்கள் மாதிரி ஊதிக்கொண்டே கல்லுக்குப் போனோம், மரத்துக்குப் போனோம். கதவருகே என் கையை விட்டார். “நீ போ, பாப்பா எழுந்துக்கும்,” என்றார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான் போகவில்லை. மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் வெளியே வந்து, நான் நிற்பதைப் பார்த்து, கையை நீட்டினார்.

அதற்குப் பிறகு மூன்று நாள்தான். மூன்று நாளும் நான் கைகொடுத்து அவர் நடந்தார். நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், விக்கிரவாண்டிக்கு அருகே, ஆம்புலன்சிலேயே போய்விட்டார். ஆரம்பத்திலிருந்தே கையைக் கொடுத்திருந்தால் சேற்றில் நனைந்திருக்க மாட்டாரோ, நாற்காலி வந்திருக்காதோ, தண்ணீர் குடித்திருப்பாரோ? ஆரம்பத்திலிருந்தே கொடுத்திருந்தால் கல்லைத் தாண்டிய அந்த நடை அவருக்குக் கிடைத்திருக்குமா? பிசியோதெரபிஸ்டுக்குப் போன் செய்து கேட்டேன். “ரெண்டுமே சரிதாம்மா, போட்டுக் குழப்பிக்காதே,” என்றார். இரண்டும் சரியாக இருக்கிற கணக்கை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இப்போது வீட்டில் பகலெல்லாம் சத்தமே இல்லை. மகள் தூங்கும் மதிய நேரத்தில் ஃபிரிட்ஜ் ஓடுவதும் நிற்பதும் கேட்கிறது. சமையலறையில் நான் வைக்கிற எந்தப் பாத்திரத்துக்கும் அந்தப் பக்கத்திலிருந்து பதில் இல்லை.

போன வாரம் ஒரு மேஸ்திரி வந்தார். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை கட்டிவிடலாம் என்று கணவர் சொல்லியிருக்கிறார். அடுப்பும் சாமி படமும் இருக்கிற கூரைக்குள் அது கூடாது என்று மாமனார் இருந்தவரை மறுத்துவந்தார். மேஸ்திரி இருக்கிற கழிப்பறையைப் பார்க்க வேண்டும் என்றார். அதற்குள் அவருக்குப் போன் வந்தது. யாரிடமோ சிமெண்ட் இன்னும் வரவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டே படி இறங்கினார். பேசிக்கொண்டே போய்க் கதவைத் திறந்து பார்த்து, மூடி, பேசிக்கொண்டே திரும்பி வந்தார். நான் படியில் நின்றிருந்தேன். எங்கேயாவது நிற்பார் என்று என் காது காத்திருந்தது போலிருக்கிறது. கல்லருகே நிற்கவில்லை. மரத்தருகே நிற்கவில்லை.

“இன்னாம்மா இது, பத்து எட்டு வைக்கிற தூரங்கூட இல்லையே,” என்றார் போனை அணைத்துவிட்டு. “இவ்ளோ கிட்டக்க பாத்ரூமை வச்சிக்கினு, எதுக்குமா ஊட்டுக்குள்ள இன்னொண்ணு?”

நான் கல்லையும் மரத்தையும் பார்த்தேன்.

“இல்லைங்க மேஸ்திரி,” என்றேன். “தூரமுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த டேப்பை எடுத்து, ஒரு முனையை என் கையில் பிடிக்கச் சொல்லிவிட்டு, படியிலிருந்து அளக்கத் தொடங்கினார்.